நாலரை பஸ்ஸும் கடைசிக் கால்பகுதியும்

ஹட்டன்
17.02.2025

மச்சான் ஜெயகாந்தனுக்கு,

சனிக்கிழமை கூடைப்பந்து மேட்ச்சில் நாம் மூன்று புள்ளியில் தோற்றோம். கண்டிப் பிள்ளைகள் நாற்பத்தேழு, நம் கல்லூரிப் பிள்ளைகள் நாற்பத்துநான்கு. மேட்ச் முடிந்ததும் எல்லார் முன்னாலும் நான் உங்களைப் பார்த்து, "கோச்சுக்கு மூளை இருக்கா?" என்று கத்தினேன். நீங்கள் விசிலைக் கழற்றி அதிபரின் கையில் கொடுத்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தீர்கள். வீட்டுக்கு வந்து போனிலும் கத்தினேன். நீங்கள் போனை வைத்தீர்கள். நடந்தது இவ்வளவுதான். கூட்டிக் குறைத்து எழுதவில்லை.

உங்கள் தங்கை வினோதா என் கையிலிருந்து போனைப் பிடுங்கிவிட்டாள். "இனிமே எங்கண்ணன்கூட நீங்க போன்ல பேச வேணாம். எழுதுங்க. எழுதுறப்ப யாருக்கும் கத்த வராது" என்கிறாள். ஆகவே, ரயிலில் அரை மணி நேரத்தில் வரக்கூடிய வட்டவளைக்கு மூன்று நாள் தபாலில் எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகம். அத்தையின் முழங்கால் எப்படி? தைலம் முடிந்திருந்தால் சொல்லுங்கள், கடை லொறியில் அனுப்புகிறேன்.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. மூன்றாவது கால்பகுதி முடிந்தபோது நாம் ஏழு புள்ளி முன்னால் நின்றோம். நாம் எடுத்த புள்ளிகளில் சுதர்ஷினி மட்டும் பத்தொன்பது. அந்தப் பிள்ளையைக் கடைசிக் கால்பகுதியில் ஏன் இறக்கவில்லை? எட்டு மாதம் கோச்சாக இருந்த மனுஷன், ஓடுகிற குதிரையை அவிழ்த்து ஓரமாக நிறுத்துவாரா?

மேட்ச்சுக்கு முன்னால் நடந்த விழாவைப் பற்றி ஒரு வார்த்தை. விளக்கேற்றினோம், மாலை போட்டோம், எட்டுப் பேருக்குப் பொன்னாடை, பிள்ளைகளுக்குப் புது ஜெர்சி. ஒரு குறையும் வைக்கவில்லை. இரும்புக் கடைக்காரனைப் பிரதம அதிதியாகக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. என் பேச்சு எப்படி இருந்தது என்று நீங்கள் மட்டும்தான் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஜீவராஜ்


வட்டவளை
24.02.2025

அன்புள்ள மச்சானுக்கு,

அம்மா நடக்கிறார். படி மட்டும் ஏற முடியவில்லை. தைலம் இருக்கிறது. உங்கள் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். "மாப்பிள்ளை எழுத்துலயும் கத்துறாரு" என்று சிரித்தார்.

தோற்றதற்கு நான்தான் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய மாணவர் சங்கத்திலும் அப்படியே சொல்லிவிடுங்கள். எனக்கு வருத்தமில்லை. உங்கள் மேல் கோபமும் இல்லை. விசிலை நான் திரும்ப வாங்குவதாக இல்லை. இங்கே என் பாடசாலையில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எல்லே விளையாட்டு சொல்லிக் கொடுக்கிறேன். அவர்களுக்குப் பிரதம அதிதி கிடையாது. சந்தோஷமாக விளையாடுகிறார்கள்.

உங்கள் பேச்சைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நீளமாக இருந்தது.

தங்கைக்கு என் அன்பு.

ஜெயகாந்தன்


ஹட்டன்
01.03.2025

மச்சானுக்கு,

வீட்டில் வினோதாவுக்குச் சளி, எனக்கு வயிற்றெரிச்சல். வயிற்றெரிச்சல் உங்களால். ஒரு பக்கம் எழுதிக் கேட்டால் ஒரு வரியில் ‘நீளமாக இருந்தது’ என்று பதில் வருகிறது. நீளம்தான். பஸ் ஸ்டாண்டில் குடை விற்றவன் ஹட்டனில் மூன்று மாடிக் கடை வைத்த கதையை ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியுமா?

எனக்கு அந்த டீமில் பிள்ளை இல்லை, மருமகள் இல்லை. பக்கம் சாயாமல் சொல்கிறேன், கேளுங்கள். நிலக்ஷி கெட்டிக்காரி, கேப்டனாக இருக்க வேண்டியவள்தான். ஆனால் பந்தைத் தட்டிக்கொண்டே நிற்கிறாள். மாம்பழக் கூடையில் ஒவ்வொரு பழமாக அமுக்கிப் பார்த்துவிட்டு, வாங்கவும் செய்யாமல் கீழே வைக்கவும் செய்யாமல் நிற்கும் ஆள் மாதிரி. நம் மக்பூல் ஹாஜியாரின் மகள் இல்மா தூரத்திலிருந்து எறிந்தால் விழும், ஆனால் அவளுக்கு யாரும் பந்து கொடுப்பதில்லை. குடோனில் நல்ல சரக்கை வைத்துக்கொண்டு முன் தட்டில் காலிப் பெட்டியை அடுக்கிய கணக்கு. மற்ற இரண்டு பிள்ளைகளுக்கும் உயரம் இருக்கிறது, குதிக்கத்தான் யோசனை.

அந்த ஐந்து பேரில் விலை போகிற ஆட்டம் சுதர்ஷினியுடையது. மஸ்கெலியாவுக்கு மேலே எந்தத் தோட்டமோ, அங்கிருந்து வருகிற பிள்ளை. அதையும் சொல்லிவிடுகிறேன்: போன வருஷம் சங்கக் கூட்டத்தில் நான், "தூரத் தோட்டத்துப் புள்ளைகள எடுக்காதீங்க, பிராக்டிஸுக்கு நிக்காதுங்க, நாம போடுற காசு வீண்" என்று சொன்னவன்தான். இந்தப் பிள்ளையின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். இவளுக்கு உயர்தர வகுப்பில் கடைசி வருஷம். ஜூலையில் வலய மட்டத்தில் வென்றால்தான் மாகாணப் போட்டிக்குப் போகலாம். அடுத்த வருஷம் அவளுக்கு இந்த வாய்ப்பு இல்லை.

அதனால் மறுபடியும் கேட்கிறேன். கடைசிக் கால்பகுதியில் அவளை ஏன் உட்கார வைத்தீர்கள்? காலில் அடியா? உங்களோடு வாய் காட்டினாளா?

பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

ஜீவராஜ்


வட்டவளை
12.03.2025

அன்புள்ள மச்சானுக்கு,

தங்கைக்குச் சளி விட்டதா? கொத்தமல்லி அவித்துக் குடிக்கச் சொல்லுங்கள். இங்கே ஒரு வாரமாக மழை. நாங்கள் நலம்.

நிலக்ஷியைப் பற்றி நீங்கள் எழுதியது சரி. பந்தைத் தட்டும்போது அவள் தரையைப் பார்க்கிறாள். நாற்காலிகளை நிறுத்தி அவற்றின் நடுவே தட்டச் சொன்னேன், கொஞ்சம் நிமிர்ந்தாள். இல்மாவுக்குப் பந்து போகாததற்குக் காரணம் இல்மாதான். கேட்க மாட்டாள். வலது மூலையில் நின்று கையை உயர்த்தச் சொல்லுங்கள். உயரமான பிள்ளைகள் இருவரும் கடைசி நேரத்தில் பயந்தார்கள். அவர்கள் இதுவரை சுதர்ஷினி இல்லாமல் ஆடியதில்லை.

சுதர்ஷினி நல்ல ஆட்டக்காரி. வாய் காட்டுகிற பிள்ளை இல்லை. காலிலும் ஒன்றுமில்லை.

அம்மா உங்கள் இருவரையும் சித்திரைப் புதுவருஷத்துக்கு வரச் சொல்கிறார்.

ஜெயகாந்தன்


ஹட்டன்
05.04.2025

மச்சானுக்கு,

எல்லாரும் சுகம். புதுவருஷ வியாபாரம் தொடங்கிவிட்டது, பெயின்ட் வாளி தூக்கித் தூக்கி இடுப்பு போய்விட்டது. அத்தைக்குச் சேலை எடுத்து வைத்திருக்கிறாள் வினோதா.

செய்தி இதுதான். சங்கத்தில் பேசி, கண்டியிலிருந்து ஒரு கோச்சைக் கொண்டுவந்துவிட்டோம். சின்ன வயசு, வெள்ளைப் பலகையில் வட்டமும் அம்பும் போட்டு விளக்குகிறார். பிள்ளைகள் வாய் பிளந்து பார்க்கிறார்கள். பிராக்டிஸ் இப்போது மூன்றரைக்குத் தொடங்கி ஐந்தரை வரை. கண்டியிலிருந்து அவர் வந்து சேரவே மூன்றாகிவிடுகிறது.

அவர் முதல் மாதத்திலேயே சுதர்ஷினியைப் பன்னிரண்டு பேர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். தினமும் நாலேகாலுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறாளாம். ஏன் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறாளாம். "டிசிப்ளின் இல்லாத ஆள் எவ்வளவு நல்லா ஆடினாலும் எனக்கு வேணாம் சேர்" என்றார். கடைக்குப் பிந்தி வந்து முந்திப் போகிற ஆளை நானே வைத்துக்கொள்வேனா? சரி என்று சொல்லிவிட்டேன். நீங்கள் அவளை உட்கார வைத்ததற்கும் இதுதான் காரணமாக இருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அதைச் சொல்லியிருந்தால் நான் கத்தியிருக்கவே மாட்டேனே.

புதுவருஷத்துக்கு வருகிறோம். வினோதாவின் கட்டளை இன்னும் அமலில் இருப்பதால் அங்கே பந்துப் பேச்சு எடுக்க மாட்டேன்.

ஜீவராஜ்


வட்டவளை
09.04.2025

மச்சான்,

சுகம் விசாரித்து எழுத நேரமில்லை. தபால் போய்விடும்.

அந்தப் பிள்ளையைப் பட்டியலில் திரும்பச் சேருங்கள். அவள்மேல் ஒரு பிழையும் இல்லை. காரணத்தை என்னிடம் கேட்காதீர்கள், அவளிடமும் கேட்காதீர்கள்.

ஜெயகாந்தன்


ஹட்டன்
22.04.2025

மச்சானுக்கு,

புதுவருஷச் சாப்பாட்டில் கிரிபத்தும் கட்டச்சம்பலும் அருமை என்று அத்தையிடம் சொல்லுங்கள். வந்த அன்று முழுக்க என் முகத்தைப் பார்க்காமல் பலகாரத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நானும் வாக்குக் கொடுத்தபடி பந்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஆனால் எழுத்தில் கேட்கத் தடையில்லை. நான் வியாபாரி. காரணம் சொல்லாமல் ஒருவன், "இந்தச் சரக்க வாங்குங்க முதலாளி" என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்றுதான் நினைப்பேன். ஒரு கோச்சை நியமித்துவிட்டு அவர் பட்டியலில் நானே கை வைத்தால் நாளைக்கு அவரும் விசிலைக் கழற்றிக் கொடுப்பார். காரணம் சொல்லுங்கள். நியாயமாக இருந்தால் இன்றைக்கே பேசுகிறேன். இல்லாவிட்டால் முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜீவராஜ்


ஹட்டன்
13.05.2025

அன்புள்ள அண்ணனுக்கு வினோதா எழுதுவது,

அம்மா, நீங்க எல்லாரும் சுகமா? இவர் கடிதம் போட்டு மூன்று வாரம் ஆகிறது, நீங்க இன்னும் பதில் போடவில்லை. தபால்காரர் கடைப் பக்கம் வந்தாலே இவர் கல்லாவை விட்டு எழுந்து நிற்கிறார். அதனால்தான் நான் எழுதுகிறேன்.

நேற்றுக் கல்லூரிப் பக்கம் போனேன். அந்த மஸ்கெலியாப் பிள்ளையைப் பார்த்தேன். டீமில் இல்லை, ஆனாலும் ஓரமாக நின்று வெளியே போகிற பந்தையெல்லாம் எடுத்துப் போடுகிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீதி மணிக்கூட்டைப் பார்த்தது, பையைத் தூக்கியது, ஓடியது. விளையாட்டில் விருப்பமில்லாத பிள்ளை பந்து பொறுக்க நிற்குமா அண்ணா?

நீங்க சொல்லாமல் வைத்திருப்பதை நான் கேட்கவில்லை. இவரும் கெட்ட மனுஷன் இல்லை, உங்களுக்கே தெரியும். கண்ணால் கண்டால்தான் நம்புவார். அவ்வளவுதான்.

வினோதா


ஹட்டன்
29.05.2025

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். நான் நலமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

செவ்வாய்க்கிழமை மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் கூரைத் தகடு அளவெடுக்கப் போக வேண்டியிருந்தது. லொறி பிரேக் வேலைக்குப் போயிருந்தது, வேன் ஆஸ்பத்திரிக்கு ஆள் ஏற்றிப் போயிருந்தது. சரி, பஸ்ஸில் போவோம் என்று நாலரை பஸ்ஸில் ஏறினேன். பஸ்ஸில் ஏறிப் பதினோரு வருஷம் ஆகிறது. பஸ் புறப்பட்டுவிட்டது. கண்டக்டர் பின் கதவில் தொங்கிக்கொண்டு, "கொஞ்சம் ஸ்லோ! கொஞ்சம் ஸ்லோ! புள்ள வருது!" என்று கத்தினார். ஓடி வந்து ஏறியது சுதர்ஷினி.

என்னைப் பார்த்ததும், "வணக்கம் சேர்" என்றது. அதற்கு முன்னால் இருந்த சீட் காலியாக இருந்தது. உட்காராமல், "நீங்க இந்தப் பக்கம் இருங்க சேர், அங்கிட்டு வெயில்" என்று எனக்கு இடம் மாற்றிக் கொடுத்தது. பட்டியலிலிருந்து எடுக்கச் சம்மதித்தவன் நான் என்று அதற்குத் தெரியும்.

நோர்வுட் தாண்டியதும் கண்டக்டர் டிக்கெட் போட வந்தார். நான் சும்மா இருக்காமல், "என்னப்பா, இந்தப் புள்ளைக்குத் தனி மரியாதையா? பஸ்ஸையே நிப்பாட்டுறீங்க" என்றேன்.

"என்ன முதலாளி செய்யிறது. இது இந்த பஸ்ஸ விட்டா மஸ்கெலியால அஞ்சரைக்குப் போற தோட்டத்து பஸ் கெடைக்காது. அதுக்கப்புறம் மேல பஸ்ஸே இல்ல. போன வருசம் ஒரு நாளு விட்டுட்டு அஞ்சு கட்ட தூரம் ஒத்தையில நடந்துச்சு. தேயிலைக்குள்ள சிறுத்த திரியிற நேரம். அவங்கப்பா பழனியாண்டி டோர்ச்ச எடுத்துக்கிட்டு பாதிக்கு வந்து கூட்டிக்கிட்டுப் போனாரு. இன்னொருக்கா பஸ்ஸ விட்டா பந்து கிந்து எல்லாம் நிப்பாட்டிருவேன்னுட்டாரு மனுசன்."

பிள்ளை கண்ணைக் காட்டியது, சொல்லாதீங்க என்று. அவர் பார்க்கவில்லை. டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே தொடர்ந்தார்.

"பெப்ரவரில பெரிய மேட்ச்சாம். அன்னைக்குப் பாவம், ஜெர்சியக்கூட மாத்தாம ஓடி வந்து ஏறிச்சு. மஸ்கெலியா வரைக்கும் அழுதுக்கிட்டே வந்துச்சு. ரெண்டு மணிக்குத் தொடங்க வேண்டியத எவனோ ஒரு பெரிய மனுசன் பேசிப் பேசியே மூணேகாலாக்கிட்டானாம்."

பஸ்ஸில் நாலைந்து பேர் சிரித்தார்கள். நானும் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டேன். பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "அந்த சேர் நல்லாத்தான் பேசுனாங்க மாமா. குடை வித்த கதை" என்றது.

மச்சான், இந்த வயதில் எனக்கு எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். கடன்காரன் திட்டியிருக்கிறான், கஸ்டமர் திட்டியிருக்கிறான். இந்த மாதிரி யாரும் என்னை அடித்ததில்லை.

மஸ்கெலியாவில் இறங்கி நானும் தோட்டத்து பஸ்ஸில் ஏறினேன். பஸ் நிற்கிற ரோட்டு முடக்கில் பழனியாண்டி நின்றார், கையில் டோர்ச், இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே. மகளின் பையை வாங்கிக்கொண்டார். நான் ஹட்டன் ஜீவராஜ் என்று சொன்னேன். "தகட்டுக் கடை முதலாளியா? லயத்து வீட்டுக்கு வாங்க, ஒரு பிளேன்டி குடிங்க" என்றார். குடித்தேன்.

அன்றைக்கு மேட்ச் இரண்டு மணிக்குத் தொடங்கியிருந்தால் மூன்றரைக்கு முடிந்திருக்கும். அதை எழுபத்தைந்து நிமிடம் தள்ளிப் போட்டவன் நான். தள்ளிப் போட்டுவிட்டு, உங்களுக்கு மூளை இருக்கா என்று கேட்டேன்.

ஏன் சொல்லவில்லை? அதை மட்டும் எழுதுங்கள்.

ஜீவராஜ்


வட்டவளை
02.06.2025

அன்புள்ள மச்சானுக்கு,

அம்மா படியேறத் தொடங்கிவிட்டார். இரண்டு படி. உங்கள் கடிதத்தை இந்த முறை அவருக்கு வாசிக்கவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றாவது கால்பகுதி முடிந்ததும் சுதர்ஷினி என்னிடம் வந்து, "சேர், நாலு இருவது. நான் போகணும். பஸ்ஸுக்குப் போனேன்னு யார்கிட்டயும் சொல்லிறாதீங்க சேர். தூரத்துப் புள்ளைகள எடுக்க வேணாம்னு கூட்டத்துல சொன்னாங்களாமே. தெரிஞ்சா இனிமே எங்க தோட்டத்துல இருந்து யாரையும் எடுக்க மாட்டாங்க" என்றாள். கூட்டத்தில் சொன்னவர் யார் என்பதை நீங்களே மார்ச் மாதக் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

நான் தொடர்ந்து கோச்சாக இருந்திருந்தால் சங்கம் என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கும். பொய் சொல்ல எனக்கு வராது. விசிலைக் கொடுத்துவிட்டால் கேள்வியும் என்னோடு போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. நீங்கள் தபாலில் அனுப்பிக்கொண்டே இருந்தீர்கள்.

என் காலத்தில் நானும் வட்டவளை ரயிலுக்காகப் பாதி மேட்ச்சில் ஓடியவன். அது வேறு கதை.

என்னைத் திரும்ப வரச் சொல்லப்போகிறீர்கள் என்று தெரியும். அதனால் முந்திக்கொண்டு சொல்கிறேன். பிராக்டிஸ் பாடசாலை விட்டதும் இரண்டேகாலுக்குத் தொடங்கி நாலு பத்துக்கு முடிய வேண்டும். அட்டையில் போட்ட நேரத்துக்கு மேட்ச் தொடங்க வேண்டும், அதிதி வந்தாலும் வராவிட்டாலும். பேச்சு கூடாது. பட்டியலில் யார் என்பதை நான் முடிவு செய்வேன். பஸ்ஸில் கேட்டதை அந்தப் பிள்ளையிடமோ சங்கத்திலோ நீங்கள் பேசக் கூடாது.

ஜெயகாந்தன்


ஹட்டன்
05.06.2025

மச்சானுக்கு,

அத்தை மூன்றாவது படி ஏறும்போது எனக்கு எழுதுங்கள்.

கண்டிக் கோச்சிடம் உட்கார்ந்து பேசினேன். பஸ் நேரம் பார்த்துப் பிராக்டிஸ் வைக்கத் தன்னால் முடியாது என்றார். அவரிடமும் நியாயம் இருக்கிறது, அவருக்கும் கண்டி பஸ் இருக்கிறதே. வெள்ளைப் பலகையைப் பிள்ளைகளுக்கே விட்டுவிட்டுப் போனார். கைகுலுக்கித்தான் பிரிந்தோம்.

நீங்கள் போட்ட நிபந்தனைகளில் ஒன்று தவிர எல்லாம் சரி. நான் இன்னும் ஒன்று சேர்க்கிறேன். எந்த மேட்ச்சானாலும் நாலு பத்துக்குக் கடை வேன் கல்லூரி வாசலில் எஞ்சின் ஓட நிற்கும். தேவையில்லாவிட்டால் காலியாகத் திரும்பும். மஸ்கெலியாப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் என்று சொல்லி ஓட விடுகிறேன், ஒருத்தியைக் காட்டாமல். பழனியாண்டியிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். "டிரைவர் யாரு?" என்றுதான் கேட்டார். பெயரைச் சொன்னதும், "அந்தத் தம்பின்னா சரி" என்றார்.

சரியில்லாத அந்த ஒன்று பேச்சு. ஒரேயடியாகக் கூடாது என்றால் எப்படி? ஐந்து நிமிடம் கொடுங்கள்.

ஜீவராஜ்


வட்டவளை
10.06.2025

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். மூன்றாவது படி ஏறியாயிற்று.

திங்கட்கிழமையிலிருந்து வருகிறேன். ஒரு நிமிடம், மேட்ச் முடிந்த பிறகு.

ஜெயகாந்தன்


ஹட்டன்
14.07.2025

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்கள் சனிக்கிழமை மேட்ச் முடிந்த கையோடு ரயிலேறிவிட்டதால் எழுதுகிறேன். போனில் பேசலாம் என்று வினோதா அனுமதி கொடுத்துவிட்டாள். ஆனால் எழுதிப் பழகிவிட்டது. கத்தாமல் ஒரு விஷயத்தை முழுதாகச் சொல்ல இதுதான் வசதி.

நாம் இரண்டு புள்ளியில் வென்றோம். மாகாணத்துக்குப் போகிறோம். இல்மா வலது மூலையில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள், நிலக்ஷி நிமிர்ந்து பார்த்துக் கொடுத்தாள், விழுந்தது. அதை நான் மார்ச் மாதமே சொன்னேன் என்று எழுத நினைத்தேன். சொன்னது நீங்கள். திருத்திக்கொள்கிறேன்.

நீங்கள் பெஞ்சில் இருந்ததால் வாசலில் நடந்ததைப் பார்த்திருக்க மாட்டீர்கள். மேட்ச் இரண்டு மணிக்குச் சரியாகத் தொடங்கியது. மழையால் நடுவில் ஐம்பது நிமிடம் போயிற்று, அதற்கு யாரும் பொறுப்பில்லை. நாலாவது கால்பகுதி முடியும்போது சமநிலை, மேலதிக நேரம் என்று மத்தியஸ்தர் விசில் ஊதினார். மணி நாலு முப்பத்தாறு. மஸ்கெலியா பஸ் கல்லூரி வாசலைத் தாண்டி இறங்கிப் போனது. கண்டக்டர் கதவில் தொங்கிக்கொண்டு மைதானத்தைப் பார்த்துக்கொண்டே போனார்.

சுதர்ஷினி பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த பஸ்ஸைத்தான் பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள். நான் வேன் பக்கத்தில் நின்று சாவியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். அவ்வளவுதான் செய்தேன். திரும்பி ஓடினாள்.

ஒன்று சொல்ல வேண்டும், நான் பக்கம் சாயாத ஆள். அவள் அன்றைக்கு நன்றாக ஆடவில்லை. ஒன்பது புள்ளிதான். இடது கையால் எறிவதே இல்லை, மாகாணப் போட்டிக்குப் போனால் கண்டிப் பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் கடைசி விசில் வரை மைதானத்தில் இருந்தாள்.

வேனில் ஆறு பிள்ளைகள் போனார்கள். நானும் முன் சீட்டில் போனேன். முடக்கில் பழனியாண்டி இல்லை. லயத்து வாசலில் இருந்தார், சாரத்தோடு, பிளேன்டி குடித்துக்கொண்டு. டோர்ச்சைத் தேடிப் பார்த்தேன், கையில் இல்லை. "ஜெயிச்சீங்களா?" என்று மகளிடம் கேட்டார். "ஜெயிச்சோம்ப்பா" என்றது. "சரி, போய் மொகத்தக் கழுவு" என்றார்.

என் பேச்சைக் கேட்க நீங்கள் நிற்கவில்லை. மைக்கைப் பிடித்து, "பிள்ளைகளே, நல்லா ஆடுனீங்க, வேன் நிக்குது" என்றேன். பன்னிரண்டு விநாடி என்று வினோதா போனில் எடுத்து வைத்திருக்கிறாள்.

சங்கம் உங்களை அடுத்த வருஷத்துக்கும் கேட்கச் சொன்னது. நேற்று வினோதா போனில் உங்களோடும் அத்தையோடும் பேசி முடித்ததை எழுதிவிடுகிறேன், பின்னால் இரண்டு பேருக்கும் மறக்காது. பட்டியல் உங்களுடையது. நான் என் கருத்தைத் திங்கட்கிழமைதோறும் கடிதத்தில் எழுதலாம், நீங்கள் பதில் போட வேண்டும் என்றில்லை. தூரத் தோட்டத்துப் பிள்ளைகள் பன்னிரண்டில் எத்தனை பேர் என்று யாரும் எண்ணக் கூடாது, நான் உட்பட. அட்டையில் என்ன நேரமோ அந்த நேரத்துக்கு மேட்ச். மாலை, பொன்னாடை எல்லாம் முடிந்த பிறகு, நேரம் இருந்தால். பேச்சு இரண்டு நிமிடம். ஒரு நிமிடம் என்றீர்கள், பன்னிரண்டு விநாடியில் முடித்ததற்காக நீங்கள் இன்னொரு நிமிடம் கூட்டித் தந்ததாக அத்தை சொன்னார், அதை நான் ஏற்றுக்கொண்டேன். வேன் நாலு பத்துக்கு வாசலில். இருட்டிவிட்டால் முடக்கோடு நிற்காமல் லயத்து வாசல் வரை.

இப்படிக்கு,
ஜீவராஜ்